ஏழாவது இடத்தில் டிராஃப்ட்: யாரை எடுப்பது, எந்தத் தளத்தை நம்புவது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்காவில் நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தில் 12 பேர் கொண்ட ஃபேன்டசி ஃபுட்பால் லீகில் (உண்மையான வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணும் ஆட்டம்) உங்களையும் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து ஓரளவுதான் தெரியும். ஒவ்வொருவரும் முறைவைத்து வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், குலுக்கல்படி 7வது இடம் கிடைத்திருக்கிறது. ஒருவர் "முதல் இரண்டு சுற்றிலும் ரன்னிங் பேக்கை (பந்தை ஏந்தி ஓடுபவரை) எடு" என்கிறார், இன்னொருவர் "ஐந்து சுற்றுக்கு ரன்னிங் பேக் பக்கமே போகாதே" என்கிறார். எந்த இணையதளத்தை நம்புவது, பணம் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வீரர்களை முழுதாக அறியாத ஒருவர், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் எதை வைத்து முடிவெடுப்பது? பல ஆண்டுகளாக இந்த லீக்குகளில் ஆடியும், சிலவற்றை நடத்தியும் வருபவன் என்ற முறையில் அதற்கே பதில் சொல்கிறேன். வீரர்களை ஆண்டுக்கணக்கில் தக்கவைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீக்கும், தினசரி பணப்போட்டிகளும் வேறு ஆட்டங்கள். இங்கே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ட்ரீம்11 ஆடிப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். அங்கே ஒரே வீரரை ஆயிரம் பேர் எடுக்கலாம். டிராஃப்ட் லீகில் ஒருவர் எடுத்த வீரர் மற்ற பதினோரு பேருக்கும் இல்லை. ஆகவே "யார் நல்ல வீரர்" என்ற கேள்வி பாதிதான் உதவும். "இப்போது விட்டால் என் அடுத்த முறை வரும்போது இவருக்கு ஈடானவர் யாராவது மிச்சமிருப்பாரா" என்பதே முழுக்கேள்வி.

வீரர் பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் லீகின் விதிப் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. 2024 பருவத்தின் இரண்டு பெரிய பெயர்களை எடுத்துக்கொள்வோம். சின்சினாட்டியின் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ் 127 பந்துகளைப் பிடித்து 1,708 யார்டும் 17 டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். பிலடெல்பியாவின் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடி 13 டச்டவுன் எடுத்தார், அதோடு 33 பந்துகளைப் பிடித்து 278 யார்டும் 2 டச்டவுனும் சேர்த்தார். 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6 என்பது பொதுவான வழக்கம். சில்லறைக் கணக்குகளை விட்டுவிட்டால், பந்து பிடிப்பதற்குத் தனிப்புள்ளி இல்லாத லீகில் பார்க்லிக்கு 318, சேஸுக்கு 273. பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி தரும் பி.பி.ஆர். லீகில் சேஸுக்கு 400, பார்க்லிக்கு 351. அரைப்புள்ளி தரும் லீகில் 336க்கு 335, கிட்டத்தட்ட சமம். ஆட்டமும் ஆளும் மாறவில்லை, விதிப் பக்கத்தின் ஒரே ஒரு வரி வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. ஈ.எஸ்.பி.என். தளத்தில் இயல்பாக அமைந்திருப்பது முழுப்புள்ளி, யாஹூவில் அரைப்புள்ளி. லீகை நடத்துபவர் இதை மாற்றியும் வைத்திருக்கலாம். இணையத்தில் எந்தத் தரவரிசையைப் பார்த்தாலும் அது எந்த விதிக்கு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, மொத்தப் புள்ளியைப் பார்த்து ஏமாறாமல் இருப்பது. அதே 2024இல் பால்டிமோரின் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) லமார் ஜாக்சன் எறிந்த 4,172 யார்டு, 41 டச்டவுன், ஓடிய 915 யார்டு உள்ளிட்ட எல்லாவற்றையும் வழக்கமான விதிப்படி கூட்டினால் சுமார் 438 புள்ளி வரும். சேஸைவிட அதிகம். அப்படியானால் முதல் ஆளாக லமாரைத்தானே எடுக்க வேண்டும்? வேண்டாம். அதே ஆண்டு அரிசோனாவின் கைலர் மர்ரே, குவாட்டர்பேக்குகளில் நடுத்தரமாகக் கருதப்பட்டவர், ஏறத்தாழ 303 எடுத்தார். லமாருக்கும் அவருக்கும் இடைவெளி 135. மறுபக்கம், 12 பேர் லீகில் இரண்டாம் மூன்றாம் ரிசீவராக ஆடத்தக்க சான்பிரான்சிஸ்கோவின் ஜுவான் ஜென்னிங்ஸ் பி.பி.ஆரில் சுமார் 210. சேஸுக்கும் அவருக்கும் இடைவெளி 190. ஒரு இடத்தில் (குவாட்டர்பேக், ரிசீவர் என எதுவானாலும்) சுலபமாகக் கிடைக்கும் மாற்று ஆளைவிட ஒருவர் எத்தனை புள்ளி கூடுதலாகத் தருவார் என்பதுதான் அவருடைய உண்மையான விலை. 1990களில் ஃபுட்பால்கைஸ் தளத்தின் ஜோ பிரையன்ட் பரப்பிய இந்தக் கணக்கின் மீதுதான் இன்றைய தரவரிசைகள் பெரும்பாலும் நிற்கின்றன.

இதில் ஐயத்துக்கே இடமில்லாத ஒரு பகுதி உண்டு, அது வெறும் எண்ணிக்கை. உண்மையான ஆட்டம் நடக்கும் என்.எஃப்.எல். லீகில் 32 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு குவாட்டர்பேக். உங்கள் லீகில் வாரந்தோறும் தேவைப்படுவது 12 பேர்தான், ஆகவே சரக்கு மிச்சம். ரன்னிங் பேக் ஆளுக்கு இருவர் வீதம் 24 பேர் தேவை, ரன்னிங் பேக்கையோ ரிசீவரையோ இறக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனால் பல அணிகள் ஓட்டத்தை இருவர் மூவருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன, ஆகவே சரக்கு குறைவு. உங்கள் லீகில் சூப்பர்ஃப்ளெக்ஸ் இருந்தால், அதாவது இரண்டாவது குவாட்டர்பேக்கையும் இறக்கலாம் என்றால், இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அப்போது முதல் சுற்றிலேயே குவாட்டர்பேக்குகள் பறந்துவிடுவார்கள்.

"குவாட்டர்பேக்கைக் கடைசியில் எடு" என்று ஜே.ஜே. ஸகரியாசன் போன்றவர்கள் 2010களின் தொடக்கத்தில் வாதிட்டதற்கும் இந்த எண்ணிக்கைதான் அடிப்படை. இன்றும் பெருமளவு சரிதான். ஆனால் எறிந்த டச்டவுனுக்கு 4 புள்ளி, ஓடி எடுத்ததற்கு 6. எறிந்த 25 யார்டுக்கு 1, ஓடிய 10 யார்டுக்கே 1. ஜாஷ் ஆலன், லமார் ஜாக்சன், ஜேலன் ஹர்ட்ஸ் மாதிரி ஓடத் தெரிந்த குவாட்டர்பேக்குகள் மற்றவர்களைவிட உண்மையிலேயே ஒரு படி மேலே நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரை மூன்று நான்காம் சுற்றில் எடுப்பவரை நான் கேலி செய்ய மாட்டேன். அதே சமயம் 2024இல் வாஷிங்டனின் புதுமுகம் ஜேடன் டேனியல்ஸ் அவர்களுக்குப் பல சுற்றுகள் கழித்தே எடுக்கப்பட்டு 891 யார்டு ஓடினார். இந்த விஷயத்தில் இரண்டு வழியும் நடக்கும் வழியே. மற்றவர்கள் எவரை முந்தி அள்ளுகிறார்கள் என்று பார்த்துப் போகலாம்.

டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்) கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. 2022இல் கான்சாஸ் சிட்டியின் டிராவிஸ் கெல்சி 110 பந்து, 1,338 யார்டு, 12 டச்டவுன், பி.பி.ஆரில் சுமார் 316 புள்ளி. அந்த இடத்தில் அடுத்து வந்த டி.ஜே. ஹாக்கன்சன் ஏறத்தாழ 213. நூறு புள்ளி இடைவெளி! மறு ஆண்டு எல்லோரும் கெல்சியை முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். அவர் 93 பந்து, 984 யார்டு, 5 டச்டவுனோடு 221இல் நின்றுவிட்டார். டெட்ராய்ட்டின் புதுமுகம் சாம் லபோர்ட்டா, டிராஃப்டின் பின்பகுதியில் யாரோ போகிற போக்கில் எடுத்தவர், 235 எடுத்தார். சென்ற ஆண்டின் இடைவெளிக்கு இந்த ஆண்டு விலை கொடுப்பதுதான் இந்த ஆட்டத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் நஷ்டம். இடைவெளி என்ற கருத்து சரியானது. அடுத்த ஆண்டு அது யாரிடம் இருக்கும் என்பதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

இப்போது உங்கள் 7வது இடத்துக்கு வருவோம். பாம்பு முறையில் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்புவதால் உங்களுக்குக் கிடைப்பவை 7, 18, 31, 42, 55, 66 என்று போகும். 7இலிருந்து 18க்குள் உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு முறை எடுப்பார்கள். 18இலிருந்து 31க்குள் உங்களுக்கு முன்னால் இருக்கும் ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு முறை எடுப்பார்கள். இது டிராஃப்ட் முடியும்வரை மாறி மாறி வரும். இதன் பயனைப் பாருங்கள். 55வது முறையில் உங்களுக்கு ஒரு குவாட்டர்பேக்கும் பிடித்திருக்கிறது, ஒரு ரிசீவரும் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 முதல் 12 வரை அமர்ந்திருக்கும் ஐந்து அணிகளை மட்டும் பாருங்கள். அவற்றில் நான்கில் ஏற்கெனவே குவாட்டர்பேக் இருந்தால், நீங்கள் நிம்மதியாக ரிசீவரை எடுத்துவிட்டு 66இல் குவாட்டர்பேக்கை எடுக்கலாம். பட்டியலில் அடுத்த பெயர் எது என்று பார்ப்பவர்கள் ஆயிரம் பேர். இந்த ஐந்து அணிகளைப் பார்ப்பவர்கள் உங்கள் லீகில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வீரர்களைப் பற்றி அதிகம் தெரியாதவருக்கும் கைகொடுக்கும் உத்தி இதுதான்.

இதற்குத் துணையாக ஒரு தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் வீரர்களை அடுக்குகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே அடுக்கில் இருப்பவர்களை ஏறத்தாழ சமமானவர்களாகக் கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் ஐந்து ரிசீவர்கள் மிச்சமிருக்கும்போது அவர்களில் ஒருவரை அவசரப்பட்டு எடுப்பதில் பொருளில்லை. அடுத்த அடுக்கு பாதாளமாக இருக்கும் ரன்னிங் பேக் வரிசையில் கடைசி ஒருவர் மிச்சமிருந்தால் அவரை எடுத்துவிடுங்கள். 14வது இடத்தில் இருப்பவரா 15வது இடத்தில் இருப்பவரா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் தொல்லை அடுக்கு முறையில் இல்லை. அந்த ஓர் இட வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் எந்தப் பொருளும் கிடையாது.

உங்கள் நண்பர்கள் இருவரின் சண்டைக்கு வருகிறேன். "ரன்னிங் பேக்கே வேண்டாம்" என்ற வாதத்தை 2013இல் ரோட்டோவிஸ் தளத்தில் ஷான் சீகல் முறையாக எழுதினார். ரன்னிங் பேக்குகள் அதிகம் காயமடைகிறார்கள். ஒருவர் விழுந்தால் அவருடைய மாற்று ஆட்டக்காரர் இலவசமாகக் கிடைத்து ஒரே வாரத்தில் பெரும்புள்ளி எடுப்பார். ஆகவே முதல் சுற்றுகளில் ரிசீவர்களைக் குவித்துவிட்டு, இந்தக் குழப்பத்திலிருந்து லாபம் பார்க்கும் பக்கத்தில் நில் என்பது அதன் சாரம். இதற்குச் சாட்சி சொல்வது போலத்தான் 2024இல் பல லீக்குகளில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சான்பிரான்சிஸ்கோவின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மக்காஃப்ரி காயத்தால் நான்கே ஆட்டங்கள் ஆடினார். ஆனால் அதே 2024இல் பார்க்லியும், முப்பது வயதில் 1,921 யார்டு ஓடிய டெரிக் ஹென்றியும் தங்களை எடுத்தவர்களை வெற்றிமேடைவரை தூக்கிச் சென்றார்கள். அதற்கு முந்தைய 2023இல் அதே மக்காஃப்ரி ஓட்டமும் பிடியுமாக 2,000 யார்டைத் தாண்டி 21 டச்டவுன் எடுத்திருந்தார். ஓர் ஆண்டை வைத்து எந்தக் கொள்கையையும் நிறுவவும் முடியும், கவிழ்க்கவும் முடியும். என் சொந்தக் கருத்து: முதல் இரண்டு மூன்று சுற்றுக்குள் நம்பகமான ஒரே ஒரு ரன்னிங் பேக், பிறகு சில சுற்றுகள் ரிசீவர்கள், அதன்பின் வாய்ப்புள்ள ரன்னிங் பேக்குகளை வரிசையாக அள்ளுவது. முழுப்புள்ளி லீகில் 7வது இடத்தில் முதல்தர ரிசீவர் இன்னும் மிச்சமிருந்தால் அவரை எடுத்துவிட்டு 18இல் ரன்னிங் பேக்கைப் பாருங்கள். இது கருத்துதான், தேற்றமல்ல.

ஐயத்துக்குரியவை இன்னும் சில. "இவருக்கு இந்த ஆண்டு எளிதான எதிரணிகள்" என்று ஆகஸ்டில் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. எந்தத் தடுப்பணி நன்றாக ஆடும் என்பது அக்டோபரில்தான் ஓரளவு தெரியவரும். "இவர் அடிக்கடி காயமடைபவர்" என்ற முத்திரையையும் அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீரர்கள் பலரின் அணிகளுக்கு ஒரே வாரத்தில் ஓய்வு வருகிறது என்பதற்காக நல்ல ஆளை விடாதீர்கள். அது ஒரு வாரத்துத் தலைவலி. கிக்கரையும் (பந்தை உதைப்பவர்) டிஃபென்ஸையும் (ஓர் அணியின் தடுப்பணி முழுவதும்) கடைசி இரண்டு சுற்றுக்கு முன் எடுக்காதீர்கள் என்பதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

இனி தளங்கள். முதலாவது, உங்கள் லீக் நடக்கும் தளத்தின் டிராஃப்ட் அறையே. அலுவலக லீகில் பாதிப்பேர் திரையில் அந்தத் தளம் காட்டும் வரிசையில் மேலே இருப்பவரைத்தான் எடுப்பார்கள். ஆகவே அந்த வரிசையையும் வெளியுலகப் பொதுக்கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே 50வது இடத்தில் இருப்பவர் உங்கள் தளத்தில் 80வது இடத்தில் புதைந்திருந்தால், அவரை இரண்டு சுற்று தள்ளி எடுக்கலாம். கட்டணம் கட்டி வாங்கும் எந்த ரகசியத்தைவிடவும் இந்த ஒப்பீடு அதிகம் தரும்.

பொதுக்கருத்துக்கு ஃபேன்டசிபுரோஸ். பல நிபுணர்களின் தரவரிசைகளைச் சேர்த்துச் சராசரி காட்டுவதோடு, ஒரு வீரருக்கு யாரோ கொடுத்த மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் காட்டும். சராசரியைவிட அந்த அகலத்தை நான் அதிகம் பார்ப்பேன். நிபுணர்களே அடித்துக்கொள்ளும் வீரரை முதல் சுற்றுகளில் தவிர்ப்பேன், பத்தாம் சுற்றுக்குப் பின் தேடிப்பிடிப்பேன். அதே தரவை எடுத்து, புள்ளியியல் முறையில் அடுக்குகளாகப் பிரித்து போரிஸ் சென் என்பவர் இலவசமாக வெளியிடுகிறார். மேலே சொன்ன தாளை எழுதச் சோம்பலாக இருந்தால் அதை அச்சடித்துக்கொள்ளலாம்.

ஒத்திகை டிராஃப்டுக்கு ஃபேன்டசி ஃபுட்பால் கால்குலேட்டரும் ஸ்லீப்பரும் போதும், இரண்டும் இலவசம். உங்கள் லீகின் ஆள் எண்ணிக்கை, புள்ளிமுறை, 7வது இடம் ஆகியவற்றை அமைத்துச் சில முறை ஆடிப்பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஒத்திகையில் பலர் ஐந்தாறு சுற்றுக்குப் பின் எழுந்து போய்விடுவார்கள், இயந்திரம் அவர்களுக்காக எடுக்கும். அதனால் பின்சுற்றுகளில் வீரர்கள் எடுக்கப்படும் சராசரி இடங்களை நம்ப வேண்டாம். அண்டர்டாக் போன்ற பணப்போட்டித் தளங்களின் சராசரி கூர்மையானது, ஏனென்றால் அங்கே ஆடுபவர்கள் தங்கள் பணத்தை வைக்கிறார்கள். ஆனால் அது டிராஃப்டுக்குப் பின் அணியை மாற்றவே முடியாத பெஸ்ட் பால் முறை, அரைப்புள்ளி, கிக்கர் கிடையாது. ரிசீவர்கள் அங்கே முந்தியே போய்விடுவார்கள். அலுவலக லீகுக்கு அதை அப்படியே சுமந்துவராதீர்கள்.

பழைய புள்ளிவிவரங்களுக்குப் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் களஞ்சியம். நீங்கள் மென்பொருள்காரராக இருந்தால் என்.எஃப்.எல்.வெர்ஸ் என்ற திறந்தமூலத் தொகுப்பில் ஆர், பைத்தான் வழியாக ஒவ்வொரு ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் கிடைக்கும். அதில் இறங்கினால் டிராஃப்ட் முடிந்த பிறகும் வெளியே வர மாட்டீர்கள். அந்தப் பொழுதுபோக்குக்காக இறங்குங்கள், கோப்பைக்காக இறங்க வேண்டாம்.

பணம் கட்ட வேண்டுமா? முதல் ஆண்டில் தேவையில்லை. கட்டணச் சேவைகளில் உண்மையில் வசதி தருவது, உங்கள் டிராஃப்ட் அறையோடு இணைந்து, எடுக்கப்பட்டுவிட்ட வீரர்களைப் பட்டியலில் தானாக அடித்துக்கொண்டே வரும் உதவியாளர் மென்பொருள். அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு பேனாவும் அதைச் செய்யும். முன்கணிப்பைப் பொறுத்தவரை, நல்ல தளங்கள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. "எங்கள் கணிப்பு பிறரைவிட எத்தனையோ சதவீதம் துல்லியம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் நாளைத் தீர்மானிப்பதில் உங்களுக்குக் குரல் இருந்தால் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சில நாள்களைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 28 அன்று, பருவத்துக்கு முந்தைய கடைசி ஒத்திகை ஆட்டத்தில் பால்டிமோரின் ஜே.கே. டாபின்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து முழு ஆண்டையும் இழந்தார். ஒரு வாரம் முன்னதாக டிராஃப்டை முடித்துவிட்டவர்களின் அணியில் அவர் முன்வரிசை ரன்னிங் பேக்.

டிராஃப்ட் முடிந்ததும் பெரும்பாலோர் அணியை மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் புதியவருக்கு வாய்ப்பு. 2023இல் என்.எஃப்.எல். அணிகளின் உண்மையான டிராஃப்டில் ராம்ஸ் அணி ஐந்தாம் சுற்றில், 177வது ஆளாக எடுத்த ரிசீவர் பூக்கா நகூவாவை ஃபேன்டசி லீக்குகளில் பெரும்பாலும் யாரும் சீண்டவில்லை. அந்த அணியின் முன்னணி ரிசீவர் கூப்பர் கப் காயத்தில் இருந்ததால் முதல் வாரம் வாய்ப்பு வந்தது. 10 பந்து, 119 யார்டு. பருவ முடிவில் 1,486 யார்டு, புதுமுகங்களுக்கான சாதனை. முதல் ஆட்டம் முடிந்த அந்த வாரமே வெயிவர் பட்டியலை (யாரிடமும் இல்லாத வீரர்களைக் கேட்டு எடுக்கும் இடம்) திறந்தவர்களுக்குத்தான் அவர் கிடைத்தார். பல லீக்குகளில் வெயிவர் செவ்வாய் இரவு கடந்து புதன் அதிகாலை தீர்க்கப்படும், சிலவற்றில் பருவம் முழுமைக்கும் 100 டாலர் கற்பனைப் பணம் தந்து ஏலம் கேட்கச் சொல்வார்கள். அந்தப் பணத்தை டிசம்பருக்குச் சேமிக்காதீர்கள். செப்டம்பரில் கிடைப்பவர் பதினைந்து வாரம் ஆடுவார். ஞாயிறு ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு ஆடாதவர்கள் பட்டியலை அணிகள் அறிவிக்கும். ஸ்லீப்பர் செயலியில் உங்கள் வீரர்களுக்கு அறிவிப்பை இயக்கி வைத்தால் அந்த நேரத்தில் கைபேசி ஒலிக்கும், பெஞ்சில் இருப்பவரை இறக்கிவிடலாம். உங்கள் லீகின் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்கள்) எந்த வாரங்களில் என்றும் இப்போதே பாருங்கள். வழக்கமாக 15 முதல் 17 வரை. இறுதிப்போட்டியை 18வது வாரத்தில் வைத்திருந்தால் லீக் நடத்துபவரிடம் இப்போதே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். பருவத்தின் கடைசி வாரமான அதில், அடுத்த கட்டத்துக்குத் தகுதி உறுதியான என்.எஃப்.எல். அணிகள் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும்.